மேடையே எடைக்கல்

நடுவர் அவர்களே, வணக்கம். "அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸை எடை போட வேண்டியது வீட்டை வைத்தா, மேடையை வைத்தா?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநில அரசின் துணை அதிபர் அவர். அந்த மனிதர் மொத்தமே 45 கிலோ தேறமாட்டார். அவரை எடை போட இரண்டு அணி!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி அவருடைய வீட்டுக் கதையைச் சொல்லி அரங்கத்தையே கண் கலங்க வைத்துவிட்டார். கதை பொய்யில்லை. 1812இல் அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியாவில் பிறந்தவர். பிறந்த சில மாதங்களில் தாய் போனார். 14 வயதில் தந்தை, பின்னாலேயே சிற்றன்னை. பிள்ளைகளைச் சொந்தக்காரர்கள் பிரித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். சிற்றன்னை மகன் லின்டனுக்கு அப்போது 3 வயதுகூட நிரம்பவில்லை. பிறகு அண்ணன் வழக்கறிஞரானார், கல்யாணமே செய்துகொள்ளவில்லை, அந்தத் தம்பியைத் தேடிப் பிடித்து ஃபிராங்க்ளின் கல்லூரியில் படிக்கவைத்தார். தம்பியும் வழக்கறிஞராகி, ஜார்ஜியா உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் உட்கார்ந்தார். நல்ல அண்ணன்தான், ஒப்புக்கொள்கிறேன்.

எனக்குக் கோபம் வருவதே இந்த இடத்தில்தான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்போம். இவருக்கு வந்ததே ஐயா! வந்தும் தெரியவில்லையே! அதே ஜார்ஜியாவில் அடிமைகளின் கல்யாணம் சட்டப்படி செல்லாது. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து விற்கலாம். அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் குற்றம் என்று 1829இலேயே சட்டம் போட்டிருந்தார்கள். தம்பியைக் கல்லூரிக்கு அனுப்பிய வழக்கறிஞருக்கு இந்தச் சட்டம் தெரியாதா?

வீட்டை வைத்துப் பாருங்கள் என்கிறது எதிரணி. சரி, பார்ப்போம். கிராஃபோர்ட்வில் ஊரில் அவர் வீட்டுக்குப் பெயர் லிபர்ட்டி ஹால். அதாவது சுதந்திர மாளிகை! அதைப் பெருக்கி, சமைத்துப் போட்டவர்கள் அடிமைகள். அவருக்குச் சொந்தமாக 30 பேருக்கு மேல் இருந்தார்கள்.

தென்மாநிலங்கள் பிரிந்துபோவதை எதிர்த்து 1861 ஜனவரியில் அவர் ஓட்டுப் போட்டார் என்றும் சொன்னார்கள். போட்டார். அடுத்த மாதமே பிரிந்துபோன அந்த அரசுக்குத் துணை அதிபராகவும் ஆனார். மார்ச் 21, சவான்னா நகரம். எங்கள் புதிய அரசின் மூலைக்கல்லே கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதுதான், அடிமைத்தனமே அவர்களுக்கு இயல்பான நிலை என்று முழங்கினார். வாய் தவறி வந்ததா? 16 வருடம் நாடாளுமன்றத்தில் பேசிய வாய் அது. இவர் பேச்சைக் கேட்டுக் கண் கலங்கியதாக 1848இல் கடிதம் எழுதியவர் யார் தெரியுமா? ஆபிரகாம் லிங்கன்!

பிறகு லிங்கன் அதிபரானார், அவருடைய வடக்குக்கும் பிரிந்துபோன தெற்குக்கும் போர் மூண்டது. அந்த லிங்கனை 1865 பிப்ரவரி 3ஆம் தேதி ஸ்டீபன்ஸ் மறுபடி சந்திக்கிறார். ஹாம்ப்டன் ரோட்ஸில், ஒரு நீராவிக் கப்பலில், சமாதானப் பேச்சு. பேச்சு முறிந்தது. உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் ஏதாவது செய்யட்டுமா என்று லிங்கன் கேட்டார். என் சகோதரர் மகன் உங்களிடம் போர்க்கைதியாக இருக்கிறான், அவனை அனுப்பிவையுங்கள் என்றார் ஸ்டீபன்ஸ். லிங்கன் அனுப்பிவைத்தார். கையில் தன் புகைப்படம் ஒன்றையும் கொடுத்தார்.

பிரிந்த பிள்ளை வீட்டுக்கு வர வேண்டும் என்று கேட்க இவருக்குத் தெரிந்திருக்கிறது, நடுவர் அவர்களே. எதிரியிடமே கேட்கத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் சவான்னா மேடையில் நின்றபோது அந்த வாய்க்கு என்ன ஆயிற்று? அடுத்து வரும் எதிரணித் தலைவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். மணி அடித்துவிட்டீர்கள், உட்காருகிறேன்.