ஏசி பதில் சொல்ல வேண்டும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

அக்னி நட்சத்திரம் நெருங்கும்போதெல்லாம் என்னிடம் பலரும் கேட்கும் கேள்வி இது. "வீட்டில் ஏற்கெனவே ஸ்ப்ளிட் ஏசி இருக்கிறது, நன்றாகவும் ஓடுகிறது. அதை மாற்றாமல், செல்பேசியிலிருந்து இயக்க வழி உண்டா?" கேட்பவர்களில் பெரும்பாலோர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள். ஊரில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருப்பார்கள். மின்கட்டணத்துக்கு அஞ்சி ஏசியைத் தொடாமல் புழுக்கத்திலேயே படுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் 18 டிகிரியில் வைத்துவிட்டு, விடியற்காலையில் ரிமோட்டைத் தேட எழுந்திருக்க முடியாமல் போர்வைக்குள் நடுங்குவார்கள். இரண்டுமே முதியவர்களின் உடம்புக்கு நல்லதல்ல.

வழி இருக்கிறது. ஆனால் முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அங்கேதான் தொடங்குகிறார்கள். கடையில் கிடைக்கும் வைஃபை பிளக் ஒன்றை வாங்கி, ஏசியின் பிளக்கை அதில் செருகி, செல்பேசியில் மின்சாரத்தைத் துண்டித்தும் கொடுத்தும் இயக்குவது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசரின் மின்சாரத்தைத் திடீரெனப் பறிப்பது அதை நிறுத்தும் முறையல்ல. நின்ற கம்ப்ரசருக்குள் வாயுவின் அழுத்தம் சமமாகச் சில நிமிடங்கள் வேண்டும். இயந்திரம் தானாக நிற்கும்போது அந்த இடைவெளியை அதன் உள்ளே இருக்கும் மின்னணு போர்டே பார்த்துக்கொள்ளும். பழைய, ஒரே வேகத்தில் ஓடும் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சிறிய பிளக்கின் உள்ளே சுவிட்சாக வேலை செய்யும் ரிலே அதைத் தாங்காமல் ஒட்டிக்கொள்ளலாம், சூடேறிக் கருகலாம். கம்ப்ரசரின் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் ஏசியிலோ, மின்சாரம் திரும்பி வந்தாலும் இயந்திரம் தானே ஓடத் தொடங்கும் என்ற உறுதி இல்லை.

இனி, செய்யக்கூடியவை. எளியது, ரிமோட்டைப் போல் பேசும் ஒரு சிறு கருவி. ஐஆர் பிளாஸ்டர் என்று விற்கிறார்கள். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. வீட்டு வைஃபையில் இணைந்துகொண்டு, நம் செல்பேசியின் கட்டளையை அகச்சிவப்பு ஒளியாக மாற்றி ஏசியை நோக்கி அனுப்பும். ஏசியைத் திறக்கத் தேவையில்லை, வாரண்டிக்கும் பாதிப்பில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

இதன் குறையைப் புரிந்துகொள்ள, ஏசி ரிமோட் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நிமிடம் பார்ப்போம். தொலைக்காட்சி ரிமோட்டில் ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தினால் "கூட்டு" என்ற ஒரே கட்டளைதான் போகும். ஏசி ரிமோட் அப்படியல்ல. நீங்கள் ஒரு டிகிரியை மட்டும் மாற்றினாலும், பெரும்பாலான ரிமோட்டுகள் குளிரூட்டவா உலர்த்தவா, எத்தனை டிகிரி, விசிறி எந்த வேகம், காற்றைத் திருப்பும் தகடு எந்தப் பக்கம் என்று முழு நிலையையும் ஒவ்வொரு முறையும் அனுப்புகின்றன. ரிமோட்டின் சிறு திரையில் தெரியும் 24 என்பது ரிமோட் நினைத்துக்கொண்டிருக்கும் 24. இடையில் ஒரு திரைச்சீலை மறைத்திருந்தால் ஏசி இன்னும் 20-லேயே ஓடிக்கொண்டிருக்கும். ஏசியிடமிருந்து ரிமோட்டுக்கு எந்தச் செய்தியும் திரும்பி வருவதில்லை.

அறையில் இருப்பவருக்கு இது பெரிய சிக்கல் இல்லை. குளிர்கிறதா இல்லையா என்று உடம்பே சொல்லிவிடும். துபாயில் இருக்கும் மகளுக்கு அது தெரியாது. அவள் செல்பேசியில் "இயங்குகிறது" என்று இருக்கும். இரவு இரண்டு மணிக்கு மின்தடை வந்து போயிருக்கும். ஏசி மறுபடி கிளம்பாமல் கிடக்கும். அல்லது அம்மா கையிலிருக்கும் ரிமோட்டால் நிறுத்தியிருப்பார். செல்பேசிக்கு இரண்டுமே தெரியாது. முதியவர்கள் இருக்கும் வீட்டில் இந்த அறியாமையை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டளை போய்ச் சேர்வது பாதி வேலைதான். இயந்திரம் பதில் சொல்ல வேண்டும்.

ஐஆர் பிளாஸ்டரே போதும் என்று முடிவு செய்பவர்கள், குறைந்தது அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளக்கும் ஒரு சென்சாரையாவது சேர்த்து வாங்குங்கள். ஏசி ஓடினால் கால் மணி, அரை மணி நேரத்தில் அந்த எண்கள் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் செல்பேசிக்கு எச்சரிக்கை வரும்படி அமைத்துவிடலாம். சில பிளாஸ்டர்களில் அகச்சிவப்பு ஒளியை வாங்கும் கண்ணும் இருக்கும். கையிலுள்ள ரிமோட்டை யாராவது அழுத்தினால் அதையும் அந்தக் கண் பார்த்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். வாங்கும்போது இதைக் கேளுங்கள்.

உண்மையான பதில் வேண்டுமென்றால் ஏசியின் உள்ளே போக வேண்டும். பல இன்டோர் யூனிட்டுகளின் போர்டில், வேறு கருவிகளை இணைப்பதற்கென்றே நிறுவனம் ஒரு சிறு சாக்கெட்டை வைத்திருக்கிறது. மிட்சுபிஷி எலெக்ட்ரிக் இயந்திரங்கள் பலவற்றில் அதன் பெயர் சி.என்.105. ஐந்து ஊசிகள்: 12 வோல்ட், தரை (கிரவுண்ட்), 5 வோல்ட், அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று. நிறுவனம் விற்கும் வைஃபை அடாப்டரும் இதில்தான் செருகப்படுகிறது. நொடிக்கு 2400 பிட் என்ற மிக மெதுவான வேகத்தில் இயந்திரம் இதன் வழியே பேசும். அந்த மொழியை ஆர்வலர்கள் கேட்டுக் கேட்டு, பைட் பைட்டாகப் பிரித்துப் புரிந்துகொண்டு, எல்லோரும் பயன்படுத்தும்படி இலவச நிரலாக வெளியிட்டார்கள். இதை நான் மனமார வியக்கிறேன். டைக்கின் இயந்திரங்களில் எஸ்.21 என்ற சாக்கெட்டிலும் இதே கதை நடந்தது. மிடியா தயாரிப்புகள் பலவற்றில் பார்வைக்கு யூஎஸ்பி போலவே ஒரு துளை இருக்கும். அதில் யூஎஸ்பி இல்லை, வேறு வகைச் செய்திதான் ஓடுகிறது. செல்பேசியையோ பென் டிரைவையோ அதில் செருகிவிடாதீர்கள்.

இந்தச் சாக்கெட்டில் ஈஎஸ்பி 32 என்ற சிறு வைஃபை போர்டை இணைத்தால் கிடைப்பவை என்னென்ன! மிட்சுபிஷியை வைத்தே சொல்கிறேன். ஏசி உண்மையில் எந்த நிலையில் ஓடுகிறது, எத்தனை டிகிரிக்கு வைக்கப்பட்டிருக்கிறது, அறைக் காற்று எத்தனை டிகிரி, கம்ப்ரசர் எத்தனை ஹெர்ட்ஸ் வேகத்தில் சுழல்கிறது என்று எல்லாம் தெரிகின்றன. அம்மா ரிமோட்டை அழுத்தினால், சற்று நேரத்தில் மகளின் திரையிலும் மாறிவிடும். போர்டின் விலை சில நூறு ரூபாய்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வசதி வேறொன்று. ஏசியின் வெப்பமானி இருப்பது இன்டோர் யூனிட்டின் உள்ளே, உத்தரத்துக்கு அருகில். படுக்கை கீழே இருக்கிறது. மேலே இருக்கும் காற்றும் கட்டில் உயரக் காற்றும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. தலைமாட்டில் ஒரு சென்சாரை வைத்து, அதன் அளவை அறையின் வெப்பநிலையாக எடுத்துக்கொள்ளும்படி சி.என்.105 வழியே இயந்திரத்திடம் சொல்ல முடியும். மனிதர் படுத்திருக்கும் இடத்துக்கேற்ப இயந்திரம் ஓடத் தொடங்கும். சென்சாரின் பேட்டரி தீர்ந்தால் பழைய எண்ணையே நம்பி ஓடாமல், தன் சொந்த வெப்பமானிக்கே திரும்பும்படி அமைப்பது அவசியம். இதற்காகப் போர்டைத் தொடவே வேண்டாம் என்பவர்கள் ரிமோட்டைப் பாருங்கள். சிலவற்றில் ஃபாலோ மீ என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தி ரிமோட்டைத் தலையணைக்குப் பக்கத்தில், ஏசியை நோக்கி வைத்தால், ரிமோட்டின் உள்ளேயே இருக்கும் வெப்பமானி அந்த வேலையைச் செய்யும்.

பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாகப் பேச வேண்டும். இன்டோர் யூனிட்டைத் திறக்கும் முன் சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும், அல்லது பிரேக்கரை இறக்க வேண்டும். சில இயந்திரங்களில், 5 வோல்ட் என்று குறிக்கப்பட்ட ஊசிகூட 230 வோல்ட் மின்சாரத்திலிருந்து முழுமையாகப் பிரிக்கப்படாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட போர்டில் மடிக்கணினியின் யூஎஸ்பி கம்பியை இணைத்தால் கணினியும் போகும், ஆளுக்கும் ஆபத்து. அளந்து பார்க்காமல் எதையும் இணைக்காதீர்கள். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியாதவர்கள், தெரிந்த எலெக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது உங்கள் மாடலுக்கென்று நிறுவனம் விற்கும் அடாப்டரையே வாங்கிவிடுங்கள். பெட்டியில் "வைஃபை ரெடி" என்று போட்டிருந்தால், பெரும்பாலும் அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டும் என்று பொருள்.

இத்தகைய கருவிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயங்கும் ரூட்டரில் எத்தனை முறை முயன்றாலும் இணையாது.

நிறுவனத்தின் அடாப்டரை வாங்கும்போது ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இணையம் இல்லாதபோது இது வேலை செய்யுமா? பல செயலிகளில், படுக்கையில் இருந்தபடி நீங்கள் அழுத்தும் பொத்தான் எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்விட்டுத்தான் தலைக்கு மேல் இருக்கும் ஏசிக்கு வருகிறது. சர்வரை மூடினால் வசதியும் மூடப்படும். 2016-ல் ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு அதுதான் நேர்ந்தது. அதை வாங்கியிருந்த நெஸ்ட் நிறுவனம் சேவையை நிறுத்தியதும் கருவி பயனற்றுப்போனது. 2024 ஜனவரியில், ஹயர் கருவிகளைத் தன் வீட்டு அமைப்போடு இணைக்கும் இலவச நிரலை எழுதிய ஒருவருக்கு, அதை நீக்கச் சொல்லி அந்நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு நோட்டீஸ் அனுப்பியது. பயனர்கள் கொதித்தெழுந்த பிறகுதான் நிறுவனம் பேச்சுவார்த்தைக்கு வந்தது. நம் வீட்டுச் சுவரில், நாம் விலை கொடுத்து வாங்கி மாட்டிய இயந்திரத்தோடு பேச நாம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கையில் இருக்கும் கருவியைச் சோதிக்க எளிய வழி: ரூட்டரை அணைக்காமல், அதற்குள் வரும் இணையக் கம்பியை மட்டும் கழற்றுங்கள். செல்பேசியின் டேட்டாவையும் நிறுத்திவிட்டு ஏசியை இயக்கிப் பாருங்கள். இயங்கினால் கட்டுப்பாடு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஈஎஸ்பி ஹோம், ஹோம் அசிஸ்டென்ட் போன்ற இலவச மென்பொருள்களில் இது இயல்பாகவே கிடைக்கும். பல நிறுவனங்களின் வீட்டுக் கருவிகள் ஒரே மொழியில் பேசுவதற்கான மேட்டர் என்ற பொதுத் தரத்தில் 2023 அக்டோபரில் வந்த 1.2 பதிப்பிலிருந்து அறை ஏசிகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. புதிதாக வாங்குபவர்கள் அந்தக் குறி இருக்கிறதா என்று பார்க்கலாம்.

இவ்வளவையும் அமைத்த பின் என்ன செய்வது? 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் நட்சத்திரக் குறியுடன் விற்கப்படும் அறை ஏசிகள் 24 டிகிரியிலேயே தொடங்கும்படி விதி இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம். நான் பரிந்துரைப்பது: படுக்கும்போது 24, நள்ளிரவுக்குப் பின் 26, விடியற்காலையில் 27, கூடவே மெதுவாகச் சுழலும் மின்விசிறி. அப்பாவும் அம்மாவும் தூக்கத்தில் எழவேண்டியதில்லை. இரண்டு மாதக் கணக்கில் மேல் படிக்கட்டணத்துக்குத் தாவுவதும் குறையலாம்.

உதகை, கொடைக்கானல் பக்கம் சூடேற்றவும் கூடிய ஏசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடுங்குளிரில் அவுட்டோர் யூனிட்டில் பனி படிந்தால், அதை உருக்க இயந்திரம் சில நிமிடங்கள் சூடான காற்றை நிறுத்திக்கொள்ளும். திரையில் "இயங்குகிறது" என்று இருந்தும் காற்று வரவில்லையே என்று அணைத்து அணைத்துப் போடாதீர்கள். விட்டுவிட்டால் தானே திரும்பும்.

பிள்ளைகளுக்கு இன்னொரு வேண்டுகோள். சுவரிலோ கட்டிலருகிலோ இருக்கும் பழைய ரிமோட்டை ஒருபோதும் எடுத்துவிடாதீர்கள். அறையில் இருப்பவர் அதை அழுத்தினால், நீங்கள் அமைத்த கால அட்டவணை அந்த இரவுக்கு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அப்படி அமைக்க முடியும். குளிர் போதும் என்று அம்மா சொன்னால் அதுவே முடிவு.

ஏசிக்குள் போர்டு வைத்திருப்பவர்கள், அதன் கம்பியை எளிதில் கழற்றும்படி வைத்து, எந்தச் சாக்கெட்டில் எப்படிச் செருகியது என்று ஒரு படம் எடுத்து வீட்டில் கொடுத்துவையுங்கள். சர்வீஸுக்கு வரும் மெக்கானிக் தண்ணீர் பீய்ச்சிக் கழுவத் தொடங்கும் முன் அதைக் கழற்ற வேண்டும். உள்ளே அப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வணக்கம்.