பூமிக்குள்ளிருந்து புகை வந்த ஊர்

(காட்சி: கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல். ஒரு மரம் கூட இல்லை.)

1878 வசந்தகாலம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலம். எல்லிஸ் என்ற ஊரில் ரயிலை விட்டு இறங்கி, இரண்டு நாள் வண்டியில் வந்த கூட்டத்தில் வில்லியானா ஹிக்மன் என்ற பெண்ணும் இருந்தார். கென்டக்கியிலிருந்து வந்தவர். "ஊர் வந்துவிட்டது" என்று ஆண்கள் கத்தினார்கள். எங்கே என்று கேட்டார். கணவர் கை நீட்டிய பக்கம் தரையிலிருந்து புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. அழுதுவிட்டார்.

அந்த ஊர்தான் நிக்கோடிமஸ். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877-இல் உருவாக்கியது.

(காட்சி: பழைய நில அளவை வரைபடம்.)

ஊர் வருவதற்கு முன்பே அதன் கட்டங்கள் வந்துவிட்டன. அரசாங்க சர்வேயர்கள் அந்தப் புல்வெளியை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாகப் பிரித்தார்கள். அப்படி ஒரு சதுரம்தான் டவுன்ஷிப். அதற்குள் 36 பிரிவுகள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். எண் போட்ட விதத்தைப் பாருங்கள்: வடகிழக்கு மூலையில் 1, அங்கிருந்து மேற்கே 6 வரை, அப்புறம் திரும்பி 7 முதல் கிழக்கே. ஏர் மாடு கடைசியில் திரும்பி அடுத்த சால் ஓட்டுவது மாதிரி. 16-ம் 36-ம் எண் பிரிவுகள் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கியவை. குடியேறுபவர்களுக்கு அரசு நிலம் கொடுக்க 1862-இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி, ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் ஒரு பிரிவில் கால்பங்கு, 160 ஏக்கர், அவர்களுக்கு.

காகிதத்தில் எல்லாக் கட்டமும் ஒன்றுதான். எந்தக் கட்டத்தில் தண்ணீர் உண்டு, எதில் விறகு உண்டு என்று அது சொல்லாது. ஈரமான கிழக்குப் பகுதியில் 160 ஏக்கர் தாராளம். மழை குறைந்த மேற்கு கான்சஸில் அது போதாது. என் பார்வையில் அந்தச் சட்டத்தின் பெரிய கோளாறு இதுதான்.

1877 செப்டம்பரில் 300-க்கும் மேற்பட்டோர் வந்து இறங்கினார்கள். மரம் இருந்தது சாலமன் ஆற்றங்கரையில் மட்டும்தான். வீடு கட்டப் பலகைக்கு எங்கே போவது? மேட்டின் சரிவைக் குடைந்தார்கள். உள்ளே ஓர் அடுப்பு. மேலே மரக்கொம்பு, சருகு, அதன்மேல் மண். வெளியே தெரிவது புகைபோக்கி மட்டும். வில்லியானா பார்த்தது அந்தப் புகையைத்தான். எரிக்க என்ன? சூரியகாந்தித் தண்டும், காய்ந்து கிடந்த காட்டெருமைச் சாணமும். வறட்டி எரித்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

ஏர், மாடு எல்லாம் அபூர்வம். நூற்றாண்டுகளாக வேர் பின்னிக் கிடந்த புல்தரையை மண்வெட்டியால் கொத்தினார்கள். பல குடும்பங்கள் திரும்பிப் போய்விட்டன. அந்தக் குளிர்காலத்தில் வேட்டை முடிந்து வந்த ஒசேஜ் பழங்குடியினர் தங்கள் இறைச்சியில் பங்கு கொடுத்தார்கள் என்று ஊர்க்காரர்கள் தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

(காட்சி: சுண்ணாம்புக்கல் கட்டடங்கள்.)

சரி, அப்புறம்? தபால் நிலையம் வந்தது, ஓட்டல் வந்தது, பள்ளியும் தேவாலயங்களும் வந்தன. இங்கே குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882-இல் மாநிலத் தணிக்கை அதிகாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இனி ஒரு ரயில் வந்தால் போதும் என்று நினைத்தார்கள். 1887-இல் டவுன்ஷிப் மக்கள் வாக்களித்து, மிசௌரி பசிபிக் கம்பெனிக்கு 16,000 டாலர் கடன் பத்திரம் தருவதாகச் சொன்னார்கள். அந்தப் பாதை வரவே இல்லை. 1888-இல் வேறொரு கம்பெனி பாதை போட்டது, ஆற்றுக்கு அந்தப் பக்கம். கடைக்காரர்கள் தட்டுமுட்டோடு ஆற்றைத் தாண்டி, தண்டவாளத்தை ஒட்டி முளைத்த போக் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள்.

நிக்கோடிமஸ் காலியாகிவிடவில்லை. 1996-இல் தேசிய வரலாற்றுத் தலமானது. ஐந்து பழைய கட்டடங்கள் நிற்கின்றன. வெளியூர் போன பேரன் பேத்திகள் ஜூலை கடைசியில் அடிமை விடுதலை நாள் கொண்டாட ஊர் திரும்புகிறார்கள்.

(காட்சி: டவுன்ஷிப் மண்டபத்தின் வாசல். பின்னால் அதே புல்.)