முகமது தைஃப்: எந்தத் தேதி சரி, எந்தப் படம் அவருடையது?

அடுத்த கேள்வி. "ஹமாஸ் ராணுவப் பிரிவுத் தலைவர் முகமது தைஃப் இறந்தது 2024 ஜூலைன்னு சிலர் போடுறாங்க, 2025 ஜனவரின்னு சிலர் போடுறாங்க. படமும் ஆளுக்கு ஒண்ணா இருக்கு. எதை நம்புறது? அவர் படத்தை ஃபேஸ்புக்ல போட்டா ஏன் தூக்கிடுறாங்க?"

தேதியை முதல்ல முடிச்சிடுவோம். அவரைக் குறிவெச்சு இஸ்ரேல் தாக்குதல் நடத்தினது 2024 ஜூலை 13. இடம் தெற்கு காசாவுல கான் யூனிஸ் பக்கம் அல் மவாசி, வீடிழந்த ஜனங்க கூடாரம் போட்டிருந்த கடலோரப் பகுதி. காசா சுகாதார அமைச்சகக் கணக்குல 90 பேருக்குக் குறையாம செத்தாங்க. அதுல தைஃபும் போயிட்டார்னு இஸ்ரேல் அறிவிச்சது ஆகஸ்ட் 1. ஹமாஸ் ஒத்துக்கிட்டது 2025 ஜனவரி 30, அதோட ராணுவப் பிரிவுச் செய்தித் தொடர்பாளர் அபு உபைதா பேச்சுல. அறிவிச்ச நாளை இறந்த நாளா எழுதிடுறாங்க, குழப்பம் அதான். நடுவுல நவம்பர் 21-ல சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அவருக்குப் பிடியாணை போட்டுச்சு. "செத்தவருக்கு வாரண்டா"ன்னு மீம்ஸ் எல்லாம் வந்துச்சு. மரணம் உறுதியாகாத வரைக்கும் கோர்ட் வழக்கை மூட முடியாதுல்ல? 2025 பிப்ரவரியில முடிச்சுட்டாங்க.

இப்ப படம். ஹமாஸ் இஸ்ரேலுக்குள்ள புகுந்து தாக்கின 2023 அக்டோபர் 7 அன்னைக்கு உலகம் பூரா செய்தி நிறுவனங்க கையில இருந்தது மூணே மூணு: இருபது வயசுகள்ல எடுத்த பழைய போட்டோ, முகமூடி போட்ட ஒண்ணு, அப்புறம் வெறும் நிழல். அன்னைக்குக் காலையில தைஃப் குரல்ல தாக்குதலை அறிவிச்ச ஆடியோவோட வந்தது அந்த நிழல்தான். 2024 ஜனவரியில இஸ்ரேல் தரப்புல இருந்து இன்னொண்ணு வெளியாச்சு: ஒரு கையில டாலர் நோட்டு, இன்னொரு கையில பிளாஸ்டிக் கப். இந்த வரிசைக்குள்ள வராத 'அபூர்வப் படம்' எதுவா இருந்தாலும், முதல்ல வெளியிட்டது யார், என்னைக்குன்னு தேடுங்க. ரிவர்ஸ் இமேஜ் சர்ச்ல (படத்தையே குடுத்து இணையத்துல தேடுறது) தேதிவாரியாப் பின்னாடி போனா, சில படம் வேற ஆளோடதா இருக்கலாம். இன்னொரு அடையாளம்: 2002 செப்டம்பர்ல ஹெலிகாப்டர் ஏவுகணைத் தாக்குதல்ல அவருக்கு ஒரு கண் போச்சுன்னு சொல்லப்படுது. 'சமீபத்துப் படம்'னு போட்டுட்டு ரெண்டு கண்ணும் பளிச்சுன்னு இருந்தா சந்தேகப்படணும்.

ஏன் இவ்வளவு மறைவு? 1965-ல கான் யூனிஸ் முகாம்ல பிறந்தவர், காசா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்துல அறிவியல் படிச்சவர். 1996 ஜனவரியில ஹமாஸோட வெடிகுண்டு நிபுணர் யஹ்யா அய்யாஷை இஸ்ரேல்காரங்க செல்போனுக்குள்ள குண்டு வெச்சுக் கொன்னாங்க. 2002 ஜூலையில அப்போ ராணுவப் பிரிவுத் தலைவரா இருந்த சலாஹ் ஷெஹாதேவை வீட்டோட சேர்த்து ஒரு டன் குண்டு போட்டுக் கொன்னாங்க. அந்த இடத்துக்குத்தான் தைஃப் வந்தார். 2014 ஆகஸ்ட்ல அவரைத் தேடிப் போட்ட குண்டுல மனைவியும் குழந்தைகளும் செத்தாங்க. போன், கேமரா ரெண்டும் உயிருக்கு வினைன்னு தெரிஞ்ச ஆள். சக்கர நாற்காலியிலதான் இருக்கார்னு வருஷக்கணக்கா சொன்னாங்களே, 2023 டிசம்பர்ல இஸ்ரேல் பத்திரிகைகளே அவர் நடக்குற வீடியோ சிக்கியிருக்குன்னு எழுதின அப்புறமும் அந்தக் கதை ஓயல.

கடைசியா ஃபேஸ்புக். மெட்டா விதிப்படி ஆபத்தான அமைப்பு, நபர் பட்டியல்ல இருக்கறவங்களைப் புகழக் கூடாது. செய்தியாச் சொல்லலாம், கண்டிக்கலாம். நோக்கம் புரியலைன்னா நீக்குறதுதான் அவங்க வழக்கம். படத்தை மட்டும் மொட்டையாப் போட்டாலோ, கூட ஒரு இதயக்குறி வெச்சாலோ போயிடும். அதே பதிவுலயே எந்தத் தேதிச் செய்தி, யார் சொன்னதுன்னு ரெண்டு வரி எழுதுங்க. அப்பவும் நீக்கினா அப்பீல் பட்டனை அழுத்துங்க. அதையே திரும்பத் திரும்பப் போடாதீங்க, ஸ்ட்ரைக் (விதிமீறல் புள்ளி) சேர்ந்து கணக்கே முடங்கிடும்.