டார்ட்டின் பின் ஆக்ஸிலை மாற்றுகிறீர்களா? முன் சக்கரத்தையும் பாருங்கள்

(திரையில்: லிஃப்டில் ஏற்றிய 1967 டாட்ஜ் டார்ட்டின் அடிப்பக்கம்)

வணக்கம். இந்த டார்ட்டில் இருந்த 225 கன அங்குல ஸ்லான்ட் சிக்ஸ் (சாய்ந்த ஆறு சிலிண்டர்) இன்ஜினை இறக்கிவிட்டு 318 கன அங்குல வி8 வைக்கப் போகிறோம். அப்படியானால் பின் ஆக்ஸிலும் மாற வேண்டும். ஆறு சிலிண்டர் டார்ட்டில் வந்தது ஏழேகால் அங்குல ஆக்ஸில். அந்த அளவு, உள்ளே சுற்றும் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தின் விட்டம். நிதானமாக ஓட்டினால் போதும். வி8 இன்ஜினோடு அழுத்தி எடுத்தால் பல் தாங்காது.

எட்டேமுக்கால் ஆக்ஸில்தான் எல்லோருக்கும் கனவு. ஆனால் என் தேர்வு, 1973 முதல் 1976 வரை வி8 டார்ட்டிலும் அதன் உறவுக்கார வண்டியான பிளைமவுத் டஸ்டரிலும் வந்த எட்டேகால். லீஃப் ஸ்பிரிங் உட்காரும் இரண்டு மேடைகளுக்கும் இடையே பழைய ஆக்ஸிலில் உள்ள அதே 43 அங்குலம். வெட்டி ஒட்டும் வேலையே இல்லை.

(திரையில்: சக்கர ஸ்டட்கள், மேலே டேப்)

சரி, நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. வீலைப் பிடிக்கும் ஐந்து ஸ்டட்களும் நிற்கும் வட்டத்தின் விட்டம் பழைய டார்ட்டில் 4 அங்குலம், இந்த எட்டேகாலில் நாலரை. பின்னால் மட்டும் மாற்றினால் முன் வீல் பின்னால் ஏறாது. டிக்கியில் இரண்டு ஸ்டெப்னி வைத்துக்கொண்டா ஊர் சுற்ற முடியும்?

அதனால் ஆக்ஸில் எடுக்கும் வண்டியிலிருந்தே முன் டிஸ்க் பிரேக்கையும் சேர்த்து எடுங்கள்: ஸ்பிண்டில், காலிப்பர், ரோட்டார். மேல் கன்ட்ரோல் ஆர்மை விட்டுவிடாதீர்கள். அதில் பால் ஜாயின்ட் பெரியது, பழைய ஆர்மில் உட்காராது. மாஸ்டர் சிலிண்டரும் டிஸ்க்குக்கு ஏற்றதாக மாற வேண்டும். செலவுதான், ஆனால் பழைய ட்ரம்மை விட வண்டி நேராக நிற்கும். அதற்காகவே நான் செய்வேன்.

அப்புறம் ஒன்று. 1960களின் டார்ட்டில் இடது பக்க நட்டுகள் இடது மரை, அதாவது எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் வழக்கமான பக்கம் திருகி ஸ்டட்டை முறித்துவிடாதீர்கள்.

எட்டேகாலின் குழாய் தடிமனானது. அதற்குரிய யூ போல்ட்டும் கீழ்த்தட்டும் கேட்டு வாங்குங்கள். ஹேண்ட்பிரேக் கேபிளும் அப்படியே. புரொபெல்லர் ஷாஃப்டை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். ஆக்ஸிலைப் பூட்டி, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு அளந்து பாருங்கள். ஷாஃப்டை ஆக்ஸிலோடு இணைக்கும் யு.ஜே. (யுனிவர்சல் ஜாயின்ட்) கிராஸின் அளவு மாறினால், இரண்டு அளவையும் இணைக்கும் கிராஸ் கடையில் கிடைக்கும்.

(திரையில்: ஸ்பீடோமீட்டர்)

ஆக்ஸிலின் பழைய கியர் விகிதம் 2.76, புதியது 3.21 என்றால், அதே வேகத்துக்கு ஷாஃப்ட் 16 சதவீதம் அதிகமாகச் சுற்றும். நீங்கள் 60 மைலில் போனால் முள் 70ஐத் தொடும். கியர்பாக்ஸின் வாலில், ஸ்பீடோமீட்டரை ஓட்டும் பினியன் என்ற சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்று இருக்கிறது. பல் அதிகமுள்ளதாக அதை மாற்றி, அது உட்காரும் கூட்டைத் திருப்பி, பல் எண்ணிக்கைக்கு உரிய குறி நேராக வரும்படி வைத்து முடுக்குங்கள்.