பாசி தன் சர்க்கரையை ஏன் விட்டுக்கொடுக்கிறது?

[காட்சி: தெளிந்த கடலடியில் பவளத்திட்டு]

வெப்பமண்டலக் கடல்நீர் இத்தனை தெளிவாக இருப்பதற்கு, அதில் மிதக்கும் நுண்ணுயிர்கள் குறைவாக இருப்பதே முக்கியக் காரணம். இரை பிடித்து உண்ணும் விலங்குக்கு அது ஏறத்தாழ ஒரு பாலைவனம். அப்படியிருந்தும் அங்கே பவளம் செழித்து வளர்கிறது. அதன் உணவில் பெரும்பங்கு அதன் உடலுக்குள்ளேயே தயாராகிறது.

[காட்சி: நுண்ணோக்கியில் பவளத் திசு, பொன்பழுப்புப் புள்ளிகள்]

பவளத்தின் சின்னஞ்சிறு தனி விலங்கான பாலிப்பின் உட்குழியைப் போர்த்தியிருக்கும் செல்களுக்குள், சூசாந்தெல்லே எனப்படும் ஒற்றைச்செல் பாசிகள், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் பத்து லட்சமோ அதற்கு மேலோகூட வாழ்கின்றன. விலங்கு வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு அவை வெயிலில் சர்க்கரை தயாரிக்கின்றன. நல்ல ஒளி கிடைக்கும் இடங்களில், அப்படிச் சேர்த்த கார்பனில் 90 சதவீதத்துக்கும் மேல், குளுக்கோஸ், கிளிசரால், கொழுப்பு ஆகிய வடிவங்களில் விலங்கைச் சென்றடையலாம். கதிரியக்கக் கார்பனைப் பாசிக்கு ஊட்டி, அதே கார்பன் பவளத்தின் உறவு விலங்கான கடற்சாமந்தியின் திசுக்களில் வந்து சேர்வதை ஆய்வாளர்கள் மஸ்கடைனும் ஹேண்டும் 1958-இல் நேரடியாகக் காட்டினர்.

இவ்வளவையும் பாசி ஏன் கொடுக்கிறது என்பதே எனக்கு மிகவும் வியப்பூட்டும் கேள்வி. பாசி பெருக வேண்டுமானால் சர்க்கரை மட்டும் போதாது, நைட்ரஜனும் வேண்டும். அதுவோ விலங்கின் கழிவான அம்மோனியமாகவே பெரிதும் கிடைக்கிறது, அந்த அம்மோனியத்தையும் விலங்கே ஓரளவு திரும்ப எடுத்துக்கொள்கிறது. வளர்ச்சிக்குப் பயன்படுத்த முடியாமல் தேங்கும் சர்க்கரைதான் வெளியே கசிகிறது. சுற்றியுள்ள நீரில் நைட்ரஜன் உரம் கூடினால் பாசிகள் பெருகி, கார்பனைத் தமக்கே வைத்துக்கொள்வதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆகவே இதை வள்ளன்மை என்று சொல்வதைவிட, பட்டினியின் மூலம் நடக்கும் கட்டுப்பாடு என்று சொல்வதே பொருத்தம் என்று கருதுகிறேன்.

[காட்சி: விரிந்த ராட்சதச் சிப்பி, பிறகு ஜெல்லிமீன் கூட்டம்]

பவளம் மட்டுமல்ல, ராட்சதச் சிப்பியும் தன் மேலுறையை வெயிலுக்கு விரித்து அதிலுள்ள பாசிகளுக்கு ஒளியூட்டுகிறது. பலாவு நாட்டின் உப்பேரி ஒன்றில், உடலுக்குள் இத்தகைய பாசிகளைக் கொண்ட தங்கநிற ஜெல்லிமீன்கள் சூரியனைப் பின்தொடர்ந்து நாள்தோறும் நீந்துகின்றன.

[காட்சி: இரவு, பாலிப்புகள் உணர்கைகளை நீட்டுகின்றன]

பாசி தரும் உணவில் ஆற்றல் மிகுதி, நைட்ரஜன் குறைவு. அந்தக் குறையை நிரப்பவே, இருட்டியதும் பல பவளங்கள் உணர்கைகளை நீட்டி நுண்ணிய மிதவை விலங்குகளைப் பிடிக்கின்றன. அந்த இரையிலிருந்து கழிவாகும் அம்மோனியத்தில் ஒரு பங்கு, உள்ளே காத்திருக்கும் பாசிகளுக்குப் போகிறது.