துடுப்புப் படகில் பிச்சாவரம்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. தில்லை என்பது ஒரு மரம். இன்று அந்த மரத்தைப் பார்க்க வேண்டுமானால் கோயிலிலிருந்து கிழக்கே சுமார் பதினைந்து கிலோமீட்டர் போய், கிள்ளையை அடுத்த பிச்சாவரத்தில் படகு ஏற வேண்டும். "கிளையை ஒடித்துவிடாதீர்கள், பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து" என்று படகோட்டி முதலிலேயே சொல்லிவிடுவார். அவர் பேச்சைக் கேளுங்கள்.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இவை கடலைச் சேரும் இரண்டு கழிமுகங்களுக்கும் நடுவில், வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து கிடக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. 2022-இல் இது ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே விசைப்படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. நேரம் இல்லை என்று விசைப்படகில் ஏறிவிடாதீர்கள். இருபுறமும் வேர்கள் நெருங்கி, தலைக்கு மேல் கிளைகள் கூடிக்கொள்ளும் குறுகிய வாய்க்கால்களுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். துடுப்பு தண்ணீரைத் தொடும் சத்தம் மட்டும் கேட்கும்போது கொக்கும் நீர்க்காகமும் நம்மைப் பொருட்படுத்துவதில்லை. மடவை மீன் துள்ளி விழும் சத்தம்கூடத் தனியாகக் கேட்கிறது.

சென்ற தை மாதம் போயிருந்தபோது, சுரபுன்னை மரத்தின் அருகில் படகை நிறுத்தச் சொன்னேன். இதன் விதை மண்ணில் விழுந்து முளைப்பதில்லை. மரத்திலேயே முளைத்து, முருங்கைப் பிஞ்சு போலப் பச்சையாகத் தொங்குகிறது. முற்றியதும் நுனி கீழ்நோக்கி விழுகிறது. தண்ணீர் வற்றியிருந்தால் சேற்றில் குத்திட்டு நின்றுவிடும். ஏறியிருந்தால் மிதந்துபோய் வேறெங்கோ கரை பிடிக்கும். பக்கத்திலேயே வெண்கண்டல். அதன் இலையைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தேன்; உப்புக் கரித்தது. வேர் உறிஞ்சிய உப்பை அந்த மரம் இலை வழியே வெளியேற்றுகிறது.

மீன்பிடிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூண்டிலோடு போகலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அங்கே பிடிப்பதைவிடப் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது என்பதே என் பதில். இருளர் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் அமர்ந்து, வலையும் இல்லாமல் தூண்டிலும் இல்லாமல், வெறும் கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் சேற்றுக்குள் வேலை செய்யட்டும் என்று. நான் பார்த்த அம்மா ஒருவர் முகத்தைத் திருப்பவே இல்லை. கை மட்டும் மேலே வந்தது, பறிக்குள் போட்டது, மறுபடி சேற்றுக்குள் போனது. வெயில் ஏறும்வரை தண்ணீரிலேயே இருக்கும் வேலை அது. அவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். இறால் வேண்டுமென்றால் கிள்ளையில் விலை கொடுத்து வாங்குங்கள்.

இந்தக் காடு தானாக இப்படி நிற்கவில்லை. முன்பு பகுதி பகுதியாக மரங்களை மொத்தமாக வெட்டினார்கள். நிழல் போன இடத்தில் வெயில் பட்டுச் சேறு காய்ந்து அமிழ்ந்தது. பள்ளத்தில் ஏறிய கடல்நீர் திரும்ப வழியில்லாமல் தேங்கியது. நீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கியது. அங்கே விதை விழுந்தும் பயனில்லை. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களுமாக, மீன்முள் வடிவத்தில் வெட்டினார்கள். கடல் பெருகும் ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வந்து, அது வடியும் வற்றத்தில் உப்பைக் கழுவிக்கொண்டு வெளியேறியது. பிறகு கன்று நட்டார்கள். பிழைத்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, இந்தக் காட்டின் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. சின்ன வாய்க்கால்தானே என்று எதைப் பார்த்தும் சொல்ல எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

போக நல்ல காலம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், பொங்கலிலிருந்து மாசி வரை. வலசைப் பறவைகளையும் அப்போது பார்க்கலாம். சிதம்பரம் வரை ரயில், அங்கிருந்து பஸ். தொப்பியும் குடிநீரும் கையில் இருக்கட்டும். காலிப் பாட்டிலைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். படகில் ஏறும் முன், தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்று கேளுங்கள். ஏற்றத்தில் குறுகிய வாய்க்கால்களுக்குள் ஆழமாகப் போய்வரலாம். வற்றத்தில் அவ்வளவு தூரம் போக முடியாது. ஆனால் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நிற்கும் வெண்கண்டலின் மூச்சுவேர்களையும், அவற்றுக்கிடையே ஓடும் நண்டுகளையும் அப்போதுதான் பார்க்க முடியும். எனக்கு வற்றம்தான் பிடிக்கும்.

நன்றி, வணக்கம்.