வழுக்கட்டுமே அல்வா!

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணாச்சி, அக்காமார்களே, வணக்கம். வாழ்த்துப் பாடினால் மணி அடித்துவிடுவீர்கள், விஷயத்துக்கு வருகிறேன். வளரும் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டியது பழைய நாவலா, அண்மையில் வந்த நாவலா? அண்மையில் வந்ததே என்பது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி, "இப்போதைய சிறார் நாவல் நம்மூர் அல்வா மாதிரி, வாயில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போய்விடும், உள்ளே ஒன்றும் நிற்காது" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். திருநெல்வேலியில் நின்றுகொண்டு அல்வாவைக் குறை சொன்னவருக்குக் கைதட்டல்! அண்ணாச்சி, அது சும்மாவா வழுக்குகிறது? சம்பா கோதுமையை ஊறப்போட்டு, ஆட்டி, பால் பிழிந்து, தெளியவைத்து, நெய் பிரிந்து வரும்வரை தோள் வலிக்கக் கிண்டினால் அல்லவா வழுக்கும்! பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தொண்டையில் சிக்காமல் எழுதுவதும் அந்தப் பாடுதான். நேற்றுச் சாயங்காலம் டவுனில் எந்தக் கடை வாசலில் அண்ணாச்சி இலையும் கையுமாக நின்றார் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

சரி, 'பொன்னியின் செல்வன்' கொடுங்கள் என்றார். கொடுத்தேன் ஐயா! கல்கி 1950-இல் தொடங்கி மூன்றரை ஆண்டு எழுதியது, எனக்கு உயிர். அக்கா மகனுக்கு ஐந்து பாகமும் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த முறை போனால் அக்கா பூரித்துப் போயிருக்கிறாள். "தம்பி, கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து பாகத்தோடும் உள்ளேயே இருக்கிறான்!" எட்டிப் பார்த்தேன். செல்போனை அக்கா பரணில் ஒளித்துவைத்திருக்கிறாள். பயல் நாற்காலி மேல் 'புது வெள்ளம்' வைத்து ஏறினான், எட்டவில்லை. அதன்மேல் 'சுழற்காற்று', எட்டவில்லை. 'கொலை வாள்' வைத்தான், விரல் பட்டது. 'மணிமகுடம்' வைத்தான், போன் அசைந்தது. 'தியாகச் சிகரம்' வைத்தான். ஏறினான், எடுத்தான், இறங்கினான்! நடுவர் அவர்களே, ஐந்து பாகத்தையும் வரிசை மாறாமல் ஒரே மூச்சில் கடந்த வாசகனை நான் கண்ணால் பார்த்தேன். நாலாம் பாகத்தோடு கல்கி முடித்திருந்தால் அந்தப் போன் இன்னும் பரணில்தான் இருக்கும்.

பிறகு அவனிடம் 'ஆதனின் பொம்மை'யை நீட்டினேன். கோவில்பட்டி உதயசங்கர் எழுதியது. 2023-இல் சிறார் இலக்கியத்துக்கான பால சாகித்திய புரஸ்கார் விருது வாங்கிய நாவல். கீழடிப் பானை ஓட்டில் 'ஆதன்' என்று பெயர் கீறியிருக்கிறது அல்லவா, அந்தக் கீழடியின் கதை. படித்து முடித்தவன், "நம்ம பக்கத்தில் இப்படி ஓர் இடம் உண்டா மாமா?" என்றான். திருச்செந்தூர் பஸ்ஸில் ஏற்றி ஆதிச்சநல்லூர் அகழாய்வு இடத்துக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடித் தரைக்குக் கீழே முதுமக்கள் தாழி. மேலே இவன் குப்புறப் படுத்துவிட்டான்; காவலாளி வந்து எழுப்ப வேண்டியதாயிற்று. அன்றைக்கும் போன் கேட்டான், தாழியைப் படம் எடுக்க.

இன்னும் ஒன்றே ஒன்று. யெஸ். பாலபாரதி எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2020-இல் அதே விருது பெற்றது. தப்பான எண்ணத்தோடு தொடுகிறவர்களைப் பற்றி ஒரு சிறுமிக்கு மரப்பாச்சி பொம்மை தைரியம் சொல்லும் கதை. பொருநைக் கரையில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். மடியில் சுளகை வைத்து அம்மா பீடி சுற்றிக்கொண்டிருக்கிறாள். இலை நறுக்கிக் கொடுத்த மகள், பள்ளி நூலகத்தில் எடுத்துவந்த இந்த நாவலை வாய்விட்டுப் படிக்கிறாள். பாதியில் நிறுத்துகிறாள். "அம்மா, எனக்கும் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்." தூளும் இலையும் சிதறச் சுளகைத் தள்ளிவிட்டு அந்தத் தாய் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிள்ளை சொன்னது இந்த மேடைக்கு உரியதல்ல. மறுநாளிலிருந்து அவள் அந்த டியூஷனுக்குப் போகவில்லை.

உள்ளே ஒன்றும் நிற்காது என்றீர்களே அண்ணாச்சி, அந்த வீட்டு வாசலில் போய்ச் சொல்லுங்கள் பார்ப்போம். 'பொன்னியின் செல்வ'னை நானும் நீங்களும் படித்துக்கொள்வோம். அந்தப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுங்கள். மணி அடிக்க வேண்டாம் நடுவரே, உட்கார்ந்துவிடுகிறேன். வணக்கம்.